நாற்பத்தாறு மில்லிமீட்டர்

வைரக்கண்ணு நடிக்கிறான் என்பதில் டாக்டர் இராஜாங்கத்துக்குச் சந்தேகமே இல்லை.

கீழ்வேளூர் பக்கத்து ஆள். குத்தகை வயலில் குறுவை அறுக்க இறங்கியபோது, "நிலம் உன்னதா?" என்று மிராசுதாரின் ஆட்கள் தடியால் போட்டதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. காலையிலேயே கட்சிக்காரர்கள் நெல் லாரியில் போட்டு ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். எலும்பை நேராக்கிக் கட்டி, வலிக்கு ஊசியும் போட்டாயிற்று. அப்படியும் கத்துகிறான்.

"கேஸ் வலுக்கணும்னா வலியும் வலுக்கணுமே. இதுல பாதி கட்சி வலி" என்றார் டாக்டர்.

அவர் சாதாரண டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்கிறவர். அடிபட்ட காலுக்குள் தசை வீங்கும். சுற்றியுள்ள உறை விரிந்துகொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, ரத்தம் ஓடாமல் தசை செத்துப்போகும். ஆறு மணி நேரத்துக்குள் உறையைக் கீறிவிட்டால் கால் பிழைக்கும். இதற்குக் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று பெயர். வார்டில் அவருக்கு ரயில்பெட்டி டாக்டர் என்று பெயர்.

அதைக் கண்டுபிடிக்க, பிரஷர் பார்க்கும் பாதரசக் குழாயில் ஊசியைக் கோத்து ஒரு கருவி செய்திருந்தார். ஊசியைத் தசைக்குள் குத்தினால் அழுத்தம் தெரியும். முப்பது மில்லிமீட்டரைத் தாண்டினால் ஆபரேஷன். மூன்று வருஷமாகப் பதினேழு பேரைக் குத்தியும் முப்பதைத் தாண்டிய புண்ணியவான் ஒருவன் கிடைக்கவில்லை.

வைரக்கண்ணுவும் ஏமாற்றினான். பன்னிரண்டு, பதினாலு, மறுபடி பன்னிரண்டு.

நர்ஸ் அம்சவல்லி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். கட்டைத் தளர்த்தியும் வலி குறையவில்லை, கால் கல்லாக இறுகியிருக்கிறது, கட்டைவிரலைத் தொட்டு நிமிர்த்தினாலே துடித்துப்போகிறார் என்றாள்.

"உன் கையில பாதரசம் ஓடுதா?" என்று கேட்டார் டாக்டர். "ஆள் பொய் சொல்வான். கருவி சொல்லாது. ஒரு மணிக்கு அளவை நீயே எடுத்து நோட்டுல எழுதி வை."

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

வைரக்கண்ணுவின் மனைவி காத்தாயி கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். கால் போய்விட்டால் சேற்றில் இறங்குவது எப்படி, இறங்காதவனுக்குக் குத்தகை எப்படி நிற்கும் என்று யாரையும் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சாம்பாரைத் தாண்டி ரசத்துக்கு வந்தபோது நோட்டைத் தூக்கிக்கொண்டு அம்சவல்லி ஓடி வந்தாள். நாற்பத்தாறு!

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் டாக்டர் எழுந்தார். அவ்வளவு சந்தோஷம். அடிபட்ட ஐந்தாவது மணி முடிவதற்குள் உறையைக் கீறிவிட்டார். உள்ளே நசுங்கிக் கிடந்த தசை கன்னங்கறுப்பாகப் பிதுங்கி வெளியே வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது.

தை மாதம் வைரக்கண்ணு வயலில் இறங்கிச் சம்பா அறுத்தான்.

சித்திரையில் திருச்சியில் மருத்துவர் மாநாடு. ஓர் அமைச்சர் வந்து பொன்னாடை போர்த்தி 'எலும்பியல் ஏந்தல்' என்று பட்டம் கொடுத்தார். பன்னிரண்டிலிருந்து அரை மணியில் நாற்பத்தாறுக்கு எப்படித் தாவியது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அதற்கு டாக்டர் நாலு பக்க விளக்கம் வைத்திருந்தார். தலைமுறை தலைமுறையாகக் காவிரிச் சேற்றில் நின்ற கால்களின் தசை, முதலில் அழுத்தத்தைக் காட்டாமல் பொறுத்திருந்து பிறகு ஒரேயடியாகப் பொங்கும் தன்மை உடையது என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்தத் தாவலுக்கு அவர் பெயரையே வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள்.

திரும்பி வந்ததும் அம்சவல்லியைக் கூப்பிட்டு, அந்தப் பழைய நோட்டைக் கேட்டார். மருத்துவப் பத்திரிகைக்குப் போகும் கட்டுரையோடு போட, அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து அனுப்பவேண்டுமாம்.

அவள் நோட்டை மேஜைமேல் வைத்தாள். போகாமல் நின்றாள்.

"அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம் சார்."

"ஏன்?"

"அன்னைக்கு ஒரு மணிக்கு நான் அளவே எடுக்கலைங்க. ஊசியைக் கழட்டிப் பார்த்தேன். உள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சிருந்துச்சு. காலையிலேர்ந்தே அப்படித்தான் இருந்திருக்கும்."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப, நாற்பத்தாறு?"

"வலிக்குதுன்னு அவரு வாயால சொன்னாரு, நீங்க நம்பலை. அதான் நான் நம்பர்ல எழுதினேன்."