தீபாவளித் தையல்

“லொறி ஹாலிஎலவத் தாண்டிருச்சாம்!” என்று கத்திக்கொண்டே தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்குள் ஓடிவந்தான் தினேஸ்.

அவன் மனைவி சிவசக்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடையாய் நடந்தாள். கொழுந்து பறிக்கிற வேலையை விட்டுவிட்டுத் தையலை நம்பி இறங்கியவள். அந்தப் பாழாய்ப்போன பழைய மெஷினோ நிமிஷத்துக்கொரு தரம் நூலைத் தின்றது. சுயதொழில் செய்பவர்களுக்கு அரசாங்கம் கரண்ட் மெஷின் தருகிறது என்று கேள்விப்பட்டு, பதுளை அரசாங்கக் கந்தோருக்கு அலையாய் அலைந்தாள். அங்கிருந்த உத்தியோகத்தர் றுஷ்தாவை வீட்டுக்கே கூட்டிவந்து தைத்தும் காட்டினாள். அந்த மெஷின்தான் இன்றைக்கு லொறியில் வருகிறது.

“தீபாவளி கிட்ட வந்துருச்சு, ஒரு ஜாக்கெட் துணிகூட வரலியேங்க! போன வருசம் இந்நேரம் மலையாக் குமிஞ்சு கெடந்துச்சு. இப்பிடியே போனா மறுபடி கொழுந்து பறிக்கத்தான் போகணும்.”

“அந்த ஓட்ட மெஷின்ல தைக்கக் குடுக்க யாருக்குப் புள்ள மனசு வரும்? புதுசு வரட்டும்னு நிக்கிறாங்க. சும்மா பொலம்பாத.”

அதுவும் சரிதான். நேற்றுப் பக்கத்து வீட்டு விஜயலெட்சுமியிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டாளே! “மெஷின் வரட்டும்க்கா, அப்புறம் பாத்துக்கலாம்” என்று சிரித்துவிட்டுப் போனாள் அவள். தங்கமான மனுசி.

லொறி வந்து நின்றதும் லயமே திரண்டுவிட்டது. தன் சந்தோஷத்தைப் பார்க்கவா இத்தனை சனம் என்று சிவசக்திக்குக் கண் கலங்கியது. முதல் பெட்டியை அவள் கையில்தான் கொடுத்தாள் றுஷ்தா.

“மிஸ், நீங்க நல்லா இருக்கணும்! இந்தத் தீபாவளியோட எங்க கஷ்டம் தீந்துரும்.”

“எனக்கு என்னத்துக்கு நன்றி? உங்களாலதான் இந்த லயத்துக்கே விடிவு. நீங்க தைச்சு முன்னுக்கு வந்தத மேல எழுதி அனுப்பினேன். அவங்களுக்கு ஒரே சந்தோசம்” என்ற றுஷ்தா, லொறிப் பக்கம் திரும்பி, “அடுத்த வீடு, விஜயலெட்சுமி வாங்க!” என்று கூப்பிட்டாள்.

லொறி நிறையப் பெட்டிகள். வீட்டுக்கு ஒன்று.

தன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள் விஜயலெட்சுமி.

“அக்கா, நூல் கோக்க மட்டும் காட்டிக் குடுத்துருங்க. இனிமே தீபாவளி, பொங்கல்னு நாங்க யாரும் ஒங்களத் தொந்தரவே பண்ண மாட்டோம்!”