மாப்பிள்ளை மாட்டிய டிஸ்க்

"இந்த மாச ஸ்கேன் படம் பூரா போச்சு. யார் பண்ணின வேலை இது?"

ஸ்கேன் சென்டர் முதலாளி போட்ட சத்தத்தில், வெளியே காத்திருந்த நோயாளிகளே கப்சிப் ஆகிவிட்டார்கள்.

எல்லார் கண்ணும் டைப்பிஸ்ட் அக்கா மேல் போனது. நேற்று சாயந்திரம் அவர் ரிப்போர்ட்டை சேவ் பண்ணின நிமிஷத்தில்தான் எல்லாம் குழம்பியது.

கம்ப்யூட்டர் பொறுப்பு முதலாளியின் மருமகனுக்கு. கல்யாணம் முடிந்த சூட்டோடு கேட்டு வாங்கிக்கொண்டது. அவனுக்கு மட்டும் காரணம் தெரியும்.

ஒரே கம்ப்யூட்டருக்குள், தனித்தனி கம்ப்யூட்டர் மாதிரி இயங்கும் இரண்டு வர்ச்சுவல் மெஷின்களை ஓடவிட்டிருந்தான். விண்டோஸில் ஸ்கேன் படம், லினக்ஸில் ரிப்போர்ட். எல்லாம் சேமிக்கும் டிஸ்க்கை ஒன்றிடம் ஒப்படைத்து, மற்றது அதனிடம் நெட்வொர்க் வழியாகக் கேட்டு வாங்கும்படி செய்திருக்க வேண்டும். அரை நாள் வேலை. சோம்பேறித்தனம். ஒரே டிஸ்க்கை இரண்டுக்கும் நேராக மாட்டிவிட்டான். அது எழுதுவது இதற்குத் தெரியாது; அதன் மேலேயே இது எழுதும். ஒரே உறையில் இரண்டு கத்தி.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சுவரைப் பார்த்தான்.

முதலாளி அக்காவை வாங்கு வாங்கென்று வாங்கினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்றார். அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

பிறகு மருமகனை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"காலையிலேயே கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் வந்து பாத்துட்டார், மாப்பிள்ளை. டிஸ்க்கை ரெண்டுலயும் மாட்டினது நீங்கதான். அவர் எங்கிட்ட சொன்னப்ப அந்தம்மாவும் பக்கத்துலதான் இருந்தாங்க."



"அப்புறம் ஏன் மாமா அவங்களை..."

"உங்களைத்தான் எல்லார் முன்னாடியும் கேக்கறதா இருந்தேன். 'புது மாப்பிள்ளை, இத்தனை பேர் எதிர்ல தலைகுனிய வேண்டாம், என்னையே திட்டிடுங்க சார்'னு அந்தம்மாதான் சொன்னாங்க. திட்டத் திட்ட உங்க மூஞ்சியைத்தான் பாத்துட்டு இருந்தேன். நீங்களா குறுக்க வந்து ஒத்துக்குவீங்கன்னு."

முதலாளி கதவைத் திறந்துவிட்டார்.

"போய் மன்னிப்பு கேளுங்க. எல்லார் முன்னாடியும்."

போனான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு டைப் அடித்துக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் எழுந்து நின்றார். மொத்த ஆபீஸும் திரும்பிப் பார்த்தது.

"இனிமேலாவது பாத்து சேவ் பண்ணுங்க" என்றான்.