ஹமீட் சேரும் ஓமாம்

“இந்த மனிசனுக்குப் பாட்டுப் பைத்தியம் முத்திப் போச்சு” என்றார் ஜுனைதா டீச்சர். வேனில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

பாலாவிச் சந்தி தாண்டி வேன் ஓரமாக நின்றது. டிரைவர் நௌஃபர் குனிந்து, பாட்டுச் செட்டில் ஒரு வயரைக் கழற்றுவதும் இன்னொன்றைக் குத்துவதுமாக இருந்தார். உள்ளே பதினொரு ஆசிரியர்கள். நேரம் ஆறு ஐம்பது. கண்டக்குழிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு இனிப் பறந்துதான் போக வேண்டும்.

“ரெண்டே நிமிசம் டீச்சர். எஞ்சின் ஓடக்குள்ளதான் இரையுது.”

“பாட்டுத்தானே நானா? கொஞ்சம் இரைஞ்சாத்தான் என்ன?” என்றார் முஃபீதா டீச்சர்.

“இரைஞ்சா ஏலாது டீச்சர்.”

நௌஃபர் ஃபோனில் செய்தி வாசிப்பதைப் போட்டார். செய்திக்குப் பின்னால் நுளம்பு போல ஒரு ‘ஙொய்ங்’. எக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறியது.

“கடைசி சீட்டுக்கு விளங்குதா?”

“வேன எடுங்க நானா” என்று நாலு பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

அன்றும் வரவுப் புத்தகத்தில், பிந்தியவர்களுக்கான சிவப்புக் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்து. அந்தக் கிழமையில் அது மூன்றாவது தரம். இனிப் பிந்தினால் அரை நாள் லீவை வெட்டுவேன் என்று அதிபர் சொல்லிவிட்டார்.

ஜுனைதா டீச்சர் பொறுக்கிற ஆள் இல்லை. இடைவேளையிலேயே காரியத்தில் இறங்கினார்.

“திங்கக்கிழமையிலிருந்து கிளைட்டன்ட வேனப் பிடிப்போம். என்ன சொல்றீங்க?”

எல்லாரும் ஓம் என்றார்கள். பாக்கி ஹமீட் சேர் மட்டும்.

ஹமீட் சேர் வரலாறு படிப்பித்தவர். அவர் ஒரு வகுப்பில் படிப்பித்தால் மூன்று வகுப்புக்குக் கேட்கும். ஆறு மாதத்துக்கு முன் தொண்டையில் ஒப்பரேஷன். அதற்குப் பிறகு குரல் என்று மிஞ்சியது வெறும் காற்றுத்தான். இப்போது நூலகத்துக்குப் பொறுப்பு. வேனில் கடைசி சீட்டில் இருந்து ஏதாவது சொல்வார். எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவருக்கே விளங்காது. ஆனால் எல்லாரும் மரியாதை தெரிந்தவர்கள். அவர் வாயசைத்தால் “ஓம் சேர், ஓம் சேர்” என்று தலையாட்டிவிடுவார்கள்.

ஜுனைதா டீச்சர் நூலக வாசலில் நின்று விசயத்தைச் சொன்னார். வெளியே பிள்ளைகளின் கூச்சல். ஹமீட் சேர் கதிரையில் இருந்து எழும்பி என்னவோ நீளமாகச் சொன்னார். டீச்சரின் கண் மணிக்கூட்டில்.

“ஓம் சேர், சரி சேர்.”

வந்து மற்றவர்களிடம் சொன்னார். “ஹமீட் சேரும் ஓமாம்.”

பின்னேரம் இறங்கும்போது நௌஃபரிடம் விசயத்தை உடைத்தார். “நாளைக்கு மட்டும் வாங்க நானா. திங்கக்கிழமையிலிருந்து வேற வேன்.”

நௌஃபருக்கு இந்த ஓட்டத்தை விட்டால் வேறு ஹயர் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும். மனிதரின் முகம் விழுந்துபோனது.

“சரி டீச்சர். நாளைக்கு நேரத்தோட வாறேன்” என்றார்.

சொல்லிவிட்டு அவர் போனது வீட்டுக்கு இல்லை. அக்மலின் ரேடியோக் கடை வாசலில் வேனை நிறுத்தியதை ஜுனைதா டீச்சர் கண்ணாலேயே கண்டார்.

“ஹயர் போகுது, இவர் பாட்டுக் கேக்கப் போறார். இப்பிடியும் ஒரு மனிசனா?” என்றார் முஃபீதாவிடம்.

வெள்ளிக்கிழமை வேன் பத்து நிமிடம் முந்தியே வந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் எல்லாரும் ஏறினார்கள். நௌஃபர் எஞ்சினைப் போட்டுவிட்டு இறங்கிப் பின்னால் போனார். ஹமீட் சேரின் சட்டைக் கொலரில் சின்னதாக ஒரு மைக்கைக் குத்தினார்.

“கதைங்க சேர். மெல்லமாக் கதைச்சாக் காணும்.”

“என்ன நானா இது?” ஜுனைதா டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

“சேர்ட கதை ஒருத்தருக்கும் விளங்கல்லதானே டீச்சர். மைக்க செட்டோட சேத்தாக் கேக்குமெண்டு நினைச்சேன். வேன்ட சார்ஜர்ல குத்தினதாலதான் இவ்வளவு நாளும் இரைஞ்சிரிக்கு. நேத்துத்தான் அக்மல் கண்டுபிடிச்சான். இப்ப தனி பற்றரியில ஓடுது. மைக் கூவாம இரிக்க, பின் ஸ்பீக்கரையும் கழட்டிட்டோம்.”

“இத முன்னமே சொல்லியிருக்கலாமே?”

“சரிவருமா எண்டு தெரியாம சேருக்கு ஆசை காட்டக் கூடாதுதானே.”

ஜுனைதா டீச்சருக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையில் இருந்த ஹயர் போகிறது என்று தெரிந்த பிறகும் இந்த மனிதர் இன்னொருவரின் குரலுக்காக ஓடியிருக்கிறார். அவரைப் போய்ப் பைத்தியம் என்று சொன்ன வாய்தானே இது.

வேன் வேகம் எடுத்தது. ‘ஙொய்ங்’ இல்லை. முன் ஸ்பீக்கர்களில் ஒரு செருமல் கேட்டது.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

கரகரத்த குரல்தான். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. வேன் முழுக்க ஸலாமுக்குப் பதில் சொன்னது. முஃபீதா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஆறு மாசத்துக்குப் பிறகு உங்கட கதைய வேனுக்குள்ள கேக்கிறோம் சேர்” என்றார் ஜுனைதா டீச்சர். “முதல்ல என்ன சொல்லப் போறீங்க?”

“நேத்துச் சொன்னதத்தான் டீச்சர். நௌஃபர விட்டுட்டு நான் வேற வேன்ல ஏறமாட்டேன் எண்டு சொன்னேன். நீங்கதான் ‘ஓம் சேர், சரி சேர்’ எண்டுட்டுப் போயிட்டீங்க.”