முந்தி வரும் விடை

"பைக்கால்!" என்று கத்தினார் வலன்ரைன்.

ரீவியில் போட்டிக்கு வந்திருந்த பெடியன் இன்னும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். உலகத்திலேயே ஆழம் கூடிய ஏரி எது என்று கேட்டதற்கு அவனுக்கு வாயே திறபடவில்லை. நேரம் முடிந்து, நிகழ்ச்சி நடத்தும் பெண் "பைக்கால் ஏரி" என்று சொன்னதும் வலன்ரைன் கதிரையில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"பாத்தியளே தலைவர், இந்த மனிசனை!" என்றாள் அவர் மனைவி பிரேமினி. கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் பஸ்ரியன், வலன்ரைனின் கெட்டித்தனத்தைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருந்தார். "கலியாணம் கட்டி இருவத்திரண்டு வருசமா எனக்கே தெரியாமப் போச்சு."

தெரிவதற்கு அங்கே என்ன இருந்தது? வலன்ரைன் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் அளந்து கொடுப்பவர். சாதாரண தரப் பரீட்சையை மூன்று தரம் எழுதி, மூன்று தரமும் கேள்வித்தாளைக் குறை சொன்னவர். சண்டைக் காலத்து முகாமிலும் சரி, ஊர் திரும்பிய பிறகும் சரி, படிவம் நிரப்புவதெல்லாம் பிரேமினிதான். "உங்கட மண்டைக்குள்ள களிமண்தான் கிடக்கு" என்று அவள் சொல்லாத நாளில்லை.

இரகசியம் பக்கத்து வீட்டில் இருந்தது. இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து சொந்த ஊரான உப்புக்குளத்துக்குத் திரும்பிய றஊப் குடும்பம், தங்கள் பழைய காணியில், வலன்ரைனின் சுவரோடு ஒட்டினாற்போல் தகர வீடு போட்டிருந்தது. ஞாயிறு பின்னேரம் போட்டி தொடங்கினால், அந்தத் தகரத்துக்குள்ளால் ஒரு பெண் குரலில் விடை வரும். வலன்ரைனின் ரீவி சொல்வதற்கு முன்பே வந்துவிடும்.

இதற்கு அவர் ஒரு விஞ்ஞான விளக்கமும் வைத்திருந்தார். அவருடையது டிஷ். சத்தம் வானம்வரை போய்த் திரும்ப வேண்டும், பிந்தத்தானே செய்யும்? அவர்களுடையது அன்ரனாவாக இருக்கும், நேரே வந்துவிடும். சில கேள்விக்கு இரண்டு செக்கன் முந்தியது, சில கேள்விக்கு அரை நிமிடமும் முந்தியது. அது மேகமூட்டத்தைப் பொறுத்தது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். இவ்வளவையும் கண்டுபிடித்த மண்டையைப் போய்க் களிமண் என்கிறாளே என்று அவருக்குக் கவலை வேறு.

அடுத்த கேள்வி மொங்கோலியாவின் தலைநகரம். வலன்ரைன் காது குடைவதுபோலச் சுவர்ப் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"உலன் பாத்திரம்!"

"பாத்திரமோ?" என்றார் பஸ்ரியன்.

"உலான் பாத்தர்" என்றது ரீவி.

பஸ்ரியன் எழும்பி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்திரமெண்டா என்ன, பாத்தரெண்டா என்ன, வலன்ரைன் அண்ணை! மாவட்டப் பொது அறிவுப் போட்டிக்கு எங்கட ஊரில இருந்து நீங்கள்தான். வாற ஞாயிறு சங்கத்து ஆக்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாறன். அவையளும் ஒருக்காப் பாக்கட்டும். பாத்த கையோட பேரைக் குடுப்பம்."

அவர் போனதும் பிரேமினி கேட்காமலே இரண்டாவது தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எத்தினை நாள் உங்களைப் பேசியிருப்பன். மனசில வச்சிருக்காதேங்கோ, என்ன?"

வலன்ரைனுக்கு மாவட்டப் போட்டியைப் பற்றிக் கவலையில்லை, அன்றைக்குக் காய்ச்சல் வந்துவிடும். வேண்டிய நாளில் காய்ச்சல் வரவைப்பதில் அவர் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே விண்ணர். ஆனால் வாற ஞாயிறு? வீடு நிறையச் சனம் இருந்து கதைத்தால் தகரத்துக்குள்ளால் ஒரு சொல்லும் கேட்காது. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இவ்வளவு காலத்துக்குப் பிறகு மலர்ந்த இந்த முகம் பழையபடி சுருங்கினால் அவரால் தாங்க முடியாது.

மறுநாள் காலை, பிரேமினி சந்தைக்குப் போன நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் படலையைத் தட்டினார். றஊப்பின் மனைவி நசீறா தையல் மெசினை நிறுத்திவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள்.

"வாங்க அண்ணன். அவர் கடைக்குப் போயிட்டார்."

"இல்லைத் தங்கச்சி, உங்களிட்டத்தான் ஒரு சின்ன உதவி. எங்கட மனிசிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லுங்க."

வலன்ரைன் தொண்டையைச் செருமினார். கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தைப் பார்த்தால் மானம் போய்விடும் என்று கேட்டேவிட்டார்.

"வாற ஞாயிறு எங்கட வீட்டில சனம் கூடும். ஒரே இரைச்சலாக் கிடக்கும். அந்தப் போட்டி நடக்கிற நேரம் உங்கட ரீவியை ஒருக்காச் சத்தமாக் கூட்டி வைக்கேலுமே? எனக்கு அந்த விடை மட்டும் கேட்டாக் காணும்."

நசீறா அவரை விளங்காமல் பார்த்தாள். பிறகு முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

"எங்கட ஊட்டுல ஏது அண்ணன் ரீவி? நீங்கதான் கூட்டி வைக்கணும், அதைக் கேட்டுத்தானே நான் விடை சொல்ற!"