ஒரு செடிக்கு ஒரு பிள்ளை

கத்தரிக்கோல் செடியின் காம்பைத் தொடுவதற்குள் தமயந்தி பாய்ந்து கணவனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“பூ உதிர்ந்து, துணி சுத்திக் கிடக்கற காம்புதானே? வெட்டினா செடி பார்க்க லட்சணமா இருக்கும். ஆபீசர் லிஃப்ட்ல வந்துட்டிருக்கார்,” என்றான் குமரவேல்.

“கறிவேப்பிலைக்கு ஊத்தற மாதிரி தினமும் அரிசி கழுவின தண்ணிய ஊத்தி வேரை அழுக வெச்சது போதும். தள்ளி நில்லுங்க.”

பிள்ளையைத் தத்தெடுக்க விரும்பும் வீட்டுக்கு அரசு ஓர் ஆர்க்கிட் பூச்செடி தரும். ஆண்டு முடிவில் உயிரோடிருக்கும் செடிக்கு ஒரு பிள்ளை, அதுதான் சட்டம். கடைச் செடியை வைத்து ஏமாற்றினால் அதிகாரியின் கருவி காட்டிக்கொடுத்துவிடும். காப்பகத்திலோ அக்காவும் தம்பியுமாக இரண்டு பிள்ளைகள் இவர்களுக்காகக் காத்திருந்தார்கள்.

அதிகாரி வந்தார். எஞ்சியிருந்த மூன்று இலைகளுக்கு நேரே கருவியை நீட்டினார். பச்சை விளக்கு எரிந்தது.

“பொழைச்சிருக்கு. முதல் தடவைக்கு இதுவே பெருசு. சொல்லுங்கம்மா, அக்காவா, தம்பியா?”

குமரவேல் தலைகுனிந்தான்.

“ரெண்டு பேரும்,” என்றாள் தமயந்தி.

“சட்டம் தெரியும்லம்மா?”

“தெரிஞ்சுதான் சார் அஞ்சு மாசமா இவர் கண்ணுல காட்டாம வெச்சிருக்கேன். பார்த்தா இதுக்கும் அரிசித் தண்ணி ஊத்திடுவார்.”

காம்பைச் சுற்றியிருந்த ஈரத் துணியை மெதுவாகப் பிரித்தாள். வேர் அழுகிச் சாகக் கிடந்த அந்த ஆர்க்கிட், காம்பிலேயே ஒரு குட்டி போட்டிருந்தது. இரண்டு இலைகள், விரல் நீளத்தில் சொந்த வேர்கள்.

கருவியில் மறுபடியும் பச்சை எரிந்தது. அதிகாரி பையைத் திறந்து இரண்டாவது படிவத்தை எடுத்தார்.