அன்னம் அக்காவின் பூட்ஸ்

"இந்தாங்கோ," என்று சேறு அப்பிய பூட்ஸ் இரண்டையும் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்தார் அன்னம் அக்கா.

எனக்குப் பகீரென்றது. பெண்டாட்டி செருப்பைப் போய்க் கட்டின புருஷன் கையிலா?

ஏரம்பமூர்த்தி அண்ணன் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். ரோட்டோரம் குந்தி, விரலாலேயே சுரண்ட ஆரம்பித்தார்.

காலையில் எனக்கு அவர் மேல்தான் எரிச்சல். ஏவன்டேல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஹெம்ப் விதை எண்ணெய் விற்கிறவர் அக்கா. "எங்கட தோட்டத்தை ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டாரே என்று வந்தேன். அக்கா தனி ஆளாகக் களை பிடுங்குகிறார். அண்ணனோ கேட்டுக்கு வெளியே நின்றபடி, "அன்னம், அந்தக் கரையில தண்ணி நிக்குது, வெட்டி விடும்" என்று அதிகாரம் பண்ணுகிறார். நானே கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. சரியான சோம்பேறி என்று நினைத்தேன்.

இப்போது கோபம் அக்கா பக்கம் திரும்பிவிட்டது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அதோ குழாய் இருக்கு. நீங்களே கழுவிக்கலாமே?"

"ஓம், கழுவலாம்."

"பின்னே? நாலு பேர் பார்த்தா என்ன பேசுவாங்க?"

"கதைக்கட்டும்." பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றினார். "இவர் உள்ள வர ஏலாது, மீனாட்சி. ஹெம்பில போதை இல்லை. எண்டாலும் கஞ்சாவின்ர இனம்தானே, வளர்க்க லைசென்ஸ் வேணும். இவர் இருபத்தெட்டு வயசில கஞ்சா வித்து ஜெயிலுக்குப் போனவர்."

"அண்ணனா?" என்றேன்.

"பிழை செய்தவர்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. அதுக்குப் பிறகு முப்பது வருஷம் ஒரு சிகரெட்டும் தொட்டதில்லை. ரெண்டு தரம் லைசென்ஸுக்கு எழுதிப் பார்த்தவர். ரெண்டு தரமும் மாட்டம் எண்டிட்டினம். அதுதான் என்ர பேரில எடுத்தது. அவர் உள்ள கால் வச்சு, ஆரும் அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டா இதுவும் போயிடும் எண்டு எனக்குப் பயம்."

"உங்களுக்கு விவசாயம் முன்னாடியே தெரியுமா அக்கா?"

"எனக்கோ? மனுகாவில தையல் கடை வச்சிருந்தனான். நகத்துக்குள்ள மண் போனாலே எனக்கு அரியண்டம். இவருக்குத்தான் பயிர் எண்டா உயிர். ஒவ்வொரு செடியும் எங்க நிக்குதெண்டு கேட்டடியில நிண்டே சொல்லுவார்."

நான் ரோட்டோரம் பார்த்தேன். ஒரு பூட்ஸ் எப்போதோ சுத்தமாகிவிட்டது. அண்ணன் சுரண்டிய மண்ணை உள்ளங்கையில் வைத்து உருட்டினார், பொடித்தார், மோந்து பார்த்தார்.

"நல்ல ஈரம், அன்னம்," என்றார். முகம் பூராவும் சிரிப்பு. காலையில் அவரைச் சோம்பேறி என்று நினைத்தது எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"அதுதான், வெளிய வரேக்க வேணுமெண்டே சேத்துக்குள்ள நல்லா ரெண்டு மிதி மிதிச்சிட்டு வாறனான்."