வளைவுக்கு ஒரு வார்த்தை

சித்தேரி மலைக்குப் போகும் பஸ் அரூரில் நின்றிருந்தது. எஸ்தர் டீச்சர் கண்களை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"மலைப்பாதைன்னா பயங்களா அக்கா?" என்றது பின்சீட்டுக் குரல்.

"முன்னெல்லாம் ரொம்பப் பயங்க. இப்ப மனசுக்குக் காவல் போட்டுட்டேன்."

"எப்படிங்க? எனக்குக் காலையிலருந்து இதே பயந்தாங்க. இன்னிக்குத்தான் மொதத் தடவ மலையேறுறேன்."

டீச்சர் திரும்பாமலே உற்சாகமாக விளக்கினார்: "மனசு ஒரே ஆள் உக்கார்ற சீட்டுங்க. வேத வசனம் உக்காந்துட்டா, பயம் எட்டிப் பாத்துட்டு எடமில்லைன்னு போயிடும். 'கர்த்தர் என்னோட இருக்காரு, நான் பயப்பட மாட்டேன்.' வளைவுக்கு ஒரு வார்த்தையா அசை போடுங்க. வசனம் முடிஞ்சா திரும்ப மொதல்லருந்து."

"அட, நல்லாருக்குதுங்களே!"

கண்டக்டர் விசில் ஊதினார். பின்சீட்டுக்காரர் எழுந்து, டீச்சரைக் கடந்துபோய், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

டீச்சருக்கு வசனமே மறந்துபோனது.

முதல் வளைவில் டிரைவர், "கர்த்தர்!" என்று உரக்கச் சொன்னார். அடுத்ததில், "என்னோட!" நாலாவது வளைவுக்குள் பஸ்ஸே சேர்ந்துகொண்டது. டீச்சர் குரல்தான் எல்லாவற்றிலும் பெரிது.

சித்தேரியில் பஸ் பத்திரமாக நின்றது. டிரைவர் வியர்வையைத் துடைத்தபடி திரும்பினார்.

"அக்கா, 'நான் பயப்பட'வோட வளைவு தீந்துபோச்சுங்களே!"

"மாட்டேன்!" என்று பஸ் முழுவதும் கத்தியது.